ஒரு கல்யாணத்துக்கு ஒரே தேதி

மயிலாடுதுறை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. தை மாதம் நீங்கள் இருவரும் வருகிறீர்கள் என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அந்தப் பேச்சின் நடுவே உன் சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வாள். அதனால்தான் கடிதம்.

வந்த கையோடு ஒரு கோவிலில் உங்களை நிறுத்தி மறுபடியும் தாலி கட்டச் சொல்லி, அந்தத் தேதியையே கல்யாணத் தேதியாக இங்கே பதிவு செய்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. "டொராண்டோவில் நடந்ததை இங்கே யார் கேட்கப் போகிறார்கள் அண்ணா?" என்றார். அவருக்குத் தெரிந்த தரகர் ஒருவரும், கோவில் ரசீதும் மாலையும் கழுத்துமாக ஒரு படமும் இருந்தால் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

நான் கூடாது என்று சொல்லிவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். இந்தக் கையால் பொய்த்தேதி ஒன்றுகூட எழுதியதில்லை. முதல் பொய்த்தேதி என் பெண்ணின் கல்யாணத் தேதியாக இருக்க வேண்டாம்.

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்யாணங்களையெல்லாம் கட்டாயம் பதிய வேண்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தொடர்ந்து வந்தது. எந்த மதமானாலும் தொண்ணூறு நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு நூற்றைம்பது நாள் வரை. ஆனால் அது இந்த மண்ணில் நடந்த கல்யாணத்துக்கான சட்டம். உன் கல்யாணம் ஒன்டாரியோவில் நடந்தது. அங்கே உரிமம் வாங்கி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட, அந்த மாகாணச் சட்டப்படி நீங்கள் ஏற்கெனவே கணவன் மனைவி. இங்கே வந்து படிவம் நிரப்பும்போது, இதற்கு முன் மணமாகாதவர்களா என்று கேட்கும் இடத்தில் நீ என்ன எழுதுவாய்? மாப்பிள்ளை என்ன எழுதுவார்? கனடாவில் உங்கள் கோப்புகளில் ஒரு தேதியும் இங்கே வேறொரு தேதியும் இருந்தால், பத்து வருடம் கழித்து ஒரு அதிகாரி இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அன்றைக்குத் தரகர் வந்து பதில் சொல்ல மாட்டார்.

கோவிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாயூரநாதர் கோவிலில் அபயாம்பிகை சந்நிதியில் இருவரும் மாலை மாற்றிக்கொள்ளுங்கள். இலை போட்டு ஊருக்குச் சாப்பாடு போடுவோம். அம்மாவின் மனம் குளிரும். அது ஆசீர்வாதம். அதைப் பதிவேட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, அவ்வளவுதான்.

சரியான வழி இருக்கிறது. அயல்நாட்டுத் திருமணச் சட்டம் என்று 1969இல் ஒன்று போட்டார்கள். அதன் 17ஆவது பிரிவு உன்னைப் போன்றவர்களுக்காகவே எழுதியது. வெளிநாட்டில் அந்த நாட்டுச் சட்டப்படி முறையாக நடந்த கல்யாணத்தில், இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால், நம் தூதரக அலுவலகத்தில் உள்ள திருமண அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டு, கட்டணம் செலுத்திப் பதிந்துகொள்ளலாம். டொராண்டோவிலேயே நம் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே போய் முறையை விசாரி. தூதரகத்திலேயே கல்யாணம் செய்துகொள்பவர்களுக்குத்தான் முன்கூட்டி அறிவிப்பு, முப்பது நாள் ஆட்சேபக் காலம் எல்லாம். உங்களுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது; நீங்கள் கேட்பது பதிவு மட்டும். பதிந்த நாளிலிருந்து அது இந்தச் சட்டத்தின் கீழேயே நடந்த திருமணமாகக் கருதப்படும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. கனடாக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருப்பதாகப் போன மாதம் சொன்னாய். அது உன் முடிவு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அங்கே குடியுரிமை வாங்கிய அன்றே இங்கே உன் குடியுரிமை போய்விடும். மாப்பிள்ளை கனடாக்காரர். உங்கள் இருவரில் இந்தியக் குடியுரிமை உனக்கு மட்டும்தான் இருக்கிறது. அது கையில் இருக்கும்போதே இந்தப் பதிவை முடித்துவிடு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் விசா இல்லாமல் இங்கே வந்து தங்க உதவும் ஓ.சி.ஐ. அட்டையை அவருக்கு வாங்குவதற்கும் திருமணம் பதிவாகி, இரண்டு ஆண்டு தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது.

இனி காகிதம். கல்யாணத்தன்று நடத்திவைத்தவர் உங்கள் கையில் ஒரு தாள் கொடுத்தாரே, அது நினைவுக்கு வைத்துக்கொள்ள, சான்றிதழ் இல்லை. சான்றிதழுக்குத் தனியாக ஒன்டாரியோ அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். சுருக்கமான சான்றிதழோடு, கையெழுத்துகள் உட்பட எல்லா விவரமும் உள்ள பதிவின் சான்றளித்த நகலையும் கேட்டு வாங்கு. அதன்மேல் அபோஸ்டில் முத்திரை வேண்டும். ஒரு நாட்டு அரசின் காகிதம் உண்மையானது என்று மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்வதற்காக வைக்கும் முத்திரை அது. 2024 ஜனவரி 11 முதல் கனடாவும் அதற்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது, இந்தியா 2005 முதலே இருக்கிறது. அதனால் முன்பு போல ஒவ்வொரு அலுவலகமாக அலைந்து சான்றொப்பம் வாங்க வேண்டியதில்லை.

எனக்குப் பயம் பெயரில்தான். உன் பெயரில் ழகரம் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். பிறப்புச் சான்றில் அதற்கு இஸட்-எச் போட்டார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எல் ஆயிற்று. பாஸ்போர்ட்டில் மறுபடி இஸட்-எச், கூடவே தலைப்பெழுத்தாக இருந்த என் பெயர் விரிந்து உன் குடும்பப்பெயராகிவிட்டது. என் மேசைக்கு வந்த பிழைத்திருத்தப் பத்திரங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. தாய்ப்பத்திரத்தில் 'சுப்பிரமணியன்', வாரிசுச் சான்றிதழில் 'சுப்ரமணியம்'. அண்ணன் தம்பி இருவர் அந்த ஒரு சொல்லுக்காக நாலு மாதம் என் மேசைக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்தார்கள். அப்பாவின் பெயர் இதுதான் என்று ஊரே சாட்சி சொல்லத் தயாராக இருந்தும், காகிதம் ஒத்துக்கொள்ளவில்லை. திருமணச் சான்றில் உன் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் அபோஸ்டிலுக்குக் கொடுப்பதற்கு முன்பே திருத்தச் சொல்.

சம்பந்தி அம்மாவிடம் இதைப் பற்றிப் போன வாரம் பேசினேன். யாழ்ப்பாணத்தில் கல்யாணப் பதிவை 'எழுத்து' என்றுதான் சொல்வார்களாம். காது குளிர்ந்துவிட்டது எனக்கு. 1995 அக்டோபர் கடைசியில் போருக்குப் பயந்து ஊரே கிளம்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்த இரவில், மாப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரும் நடந்திருக்கிறார். கல்யாணப் படங்களும் சான்றிதழும் இருந்த பெட்டி வீட்டோடு போயிற்று. பிறகு கனடாவில் இருந்த கணவரிடம் போய்ச் சேர, தான் அவருடைய மனைவி என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு வந்த சனம் நாலு திசையிலும் சிதறியிருந்தது. பதிவேட்டில் அந்த வரி இருந்ததால் நகல் கிடைத்தது. "கோயிலில் நடந்ததைச் சொல்ல ஆள் இல்லை, எழுத்துத்தான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது" என்றார். அதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை.

உன் கல்யாணத்துக்கு எங்களுக்கு விசா வரவில்லை. அங்கே மாலை நாலு மணி, இங்கே இரவு ஒன்றரை. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்துப் பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது. நீ பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டபோது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கடைசி எழுத்திலிருந்து கீழே ஒரு கோடு இழுப்பாயே, பள்ளிக்கூட நாளிலிருந்து, அதையும் இழுத்தாய். எத்தனையோ பேர் வீட்டுப் பெண்களின் பெயரைக் கணவர் பெயரோடு சேர்த்து நான் எழுதியிருக்கிறேன். உன் பெயரை எழுதும் இடத்தில் நான் இல்லை. அந்த வரி நம் நாட்டுப் பதிவேடு ஒன்றிலும், நடந்தது நடந்தபடி, அதே தேதியோடு இருந்துவிட்டால் எனக்கு நிம்மதி.

சான்றிதழ் வந்ததும் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பு. விண்ணப்பத்தையும் நிரப்பி, கையெழுத்துப் போடுவதற்கு முன் அனுப்பு. பூதக்கண்ணாடி மேசையிலேயே இருக்கிறது. இரண்டு பெயர்களையும் நான் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா