பெஞ்சை தண்ணி பக்கம் திருப்பி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காவேரிப்பட்டணம் பக்கத்துல இருக்கேன், தபால்காரனா இருந்து ரிட்டையர் ஆனவன். நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து ஏரிங்கள அழகுபடுத்த போறதா அடிக்கடி உங்க பேப்பர்ல செய்தி வருது, செயற்கை நீரூற்று, கலர் லைட்டு, ஊர் பேர பெருசா எழுதி வெச்சு செல்ஃபி எடுக்கற எடம்னு. அத பத்திதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போயிடும், முப்பத்தாறு வருஷம் அடுத்தவங்க லெட்டர தூக்கிட்டு சுத்தினவன், என்னோடதயும் ஒரு தடவ படிச்சிருங்க.

போன ஜூன் மாசம் நானும் எங்க வீட்டுக்காரம்மாவும் அயர்லாந்து போயிட்டு வந்தோம். பொண்ணு அங்க லிமெரிக்னு ஒரு டவுன்ல நர்ஸா இருக்கா. இங்க மாங்கா சீசன், தோட்டத்துல காய் எறங்கற நேரம், அத உட்டுட்டு போறதுக்கு மனசே இல்ல, சரி நாலு பழமாச்சும் எடுத்துட்டு போலாம்னா "மாம்பழம் மட்டும் வேணாம்பா, ஏர்போர்ட்லயே புடுங்கிக்குவாங்க"ன்னுட்டா. ராகி மாவு மட்டும் எடுத்துட்டு போனோம். பொண்ணுக்கு லீவு கெடச்ச ஒரு நாள்ல இருபத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி கில்லலூன்னு ஒரு சின்ன ஊருக்கு கூட்டிட்டு போனா. ஏரிக்கரை ஊரு. பெரிய டூரிஸ்ட் எடம்னு நெனச்சிடாதீங்க, நம்ம காவேரிப்பட்டணம் சந்தையில ஒரு நாள் கூடற ஜனம் அந்த ஊர் மொத்தத்துலயும் இருக்குமான்னு எனக்கு சந்தேகம்.

ஏரி பேரு லாக் டெர்க். லாக்னா அவங்க பாஷையில ஏரி. நாப்பது கிலோமீட்டர் கிட்ட நீளம், மூணு மாவட்டம் தொட்டுக்கிட்டு கெடக்குது. ஷானன்னு ஒரு ஆறு, அந்த நாட்டுலயே பெரிய ஆறு அதுதான், 360 கிலோமீட்டர், நம்ம தென்பெண்ணை அதவிட நீளம்னு சொன்னா பொண்ணு சிரிக்கறா. அந்த ஆறு ஏரிக்குள்ள பூந்து மறுபடி ஆறா வெளிய வர்ற எடத்துலதான் கில்லலூ. எதிர்க்கரையில பாலினான்னு இன்னொரு ஊரு, நடுவுல 13 கண்ணு வெச்ச பழைய கல்லு பாலம். இந்த கரை ஒரு மாவட்டம், அந்த கரை வேற மாவட்டம். கார் ஒரு பக்கம் போனா எதிர் பக்கம் நிக்க வேண்டி இருந்துச்சு, அவ்ளோ குறுகல், இதனாலயே வருஷக்கணக்கா டிராஃபிக் ஜாம் ஆகி ஆகி 2025-லதான் கொஞ்சம் கீழ புதுசா ஒரு பாலம் தொறந்திருக்காங்க. அங்கயும் இதெல்லாம் லேட்டுதான்.

போய் எறங்கினதும் என் கண்ணுக்கு மொதல்ல பட்டது தபால் பெட்டி. பச்சை கலரு! எனக்கு தூக்கிவாரி போட்டுச்சு, தபால் பெட்டின்னா செவப்புதானே. வெள்ளைக்காரன் ஆட்சியில வெச்ச செவப்பு பெட்டிங்கள, சுதந்திரம் வந்ததும் கழட்டி போடாம அப்படியே பச்சை பெயிண்ட் அடிச்சிட்டாங்களாம், சில பழைய பெட்டியில இன்னும் அந்த ராஜாவோட எழுத்து பச்சைக்கு அடியில புடைச்சுக்கிட்டு இருக்கு, கைய வெச்சு தடவி பாத்தேன். இன்னொண்ணு, நம்மூர்ல பின்கோடு 1972-லயே வந்தாச்சு, அங்க 2015-லதான் வந்துச்சு. ஆனா வந்தப்ப ஊருக்கு ஒரு நம்பர் இல்ல, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா ஒரு கோடு குடுத்துட்டாங்க. "மாரியம்மன் கோயில் பின்னாடி, முனுசாமி மளிகை பக்கத்து சந்து"ன்னு அட்ரஸ் பாத்து சைக்கிள் மிதிச்ச எனக்கு வயித்தெரிச்சல்தான்.

சரி விஷயத்துக்கு வர்றேன். தண்ணி ஓரமா நடக்க ஒரு பாதை, அங்கங்க மர பெஞ்சு. அவ்ளோதாங்க. லைட்டு கெடையாது, நீரூற்று கெடையாது, பாட்டு கெடையாது. பெஞ்சு எல்லாம் தண்ணிய பாத்து இருக்கு. நாங்க ஒண்ணுல உக்காந்து புளி சாதம் பொட்டலத்த பிரிச்சோம். எலும்பு குத்தற மாதிரி குளிரு, ஜூன் மாசத்துல! மழையும் இல்ல, மழை இல்லாமயும் இல்ல, பொடி பொடியா ஒரு தூறல், நம்ம சட்டை நனையறது நமக்கே தெரியாது. நாய புடிச்சிட்டு வந்த ஒரு பெரியவரு அத பாத்து "சாஃப்ட் டே"ன்னு சொல்லிட்டு தலையாட்டிட்டு போறாரு. தூறலுக்கு அங்க அப்படித்தான் சொல்வாங்களாம், மெத்துனு ஒரு நாளாம். எங்க வீட்டுக்காரம்மா "ஏங்க, இங்க மழைக்கே செல்லப் பேரா? நம்ம ஊருக்கு அனுப்பி வெக்க சொல்லுங்க, நாமளும் கொஞ்சலாம்"னா. ஒரு அன்னம் தண்ணியில இருந்து ஏறி வந்து புளி சாதத்த மோந்து பாத்துட்டு ஒரு சீறு சீறிட்டு போச்சு, காரம் போல. பொழுது சாய ராத்திரி பத்து மணி ஆகுது, அதுவரைக்கும் ஜனம் உக்காந்து சும்மா தண்ணியவே பாத்துட்டு இருக்கு.

பெஞ்சுக்கு பக்கத்துல, பாலத்துக்கு பக்கத்துல, சர்ச் வாசல்லன்னு ஆளு உயரத்துக்கு போர்டு வெச்சிருக்காங்க. இங்கிலீஷ்ல சின்ன சின்ன வாக்கியமா, எனக்கே புரியற அளவுக்கு. நான் அதுல படிச்சதும், பொண்ணு போன்ல தேடி சொன்னதுமா சேத்து சொல்றேன் கேளுங்க.

இந்த சின்ன ஊருதான் ஒரு காலத்துல அந்த நாட்டுக்கே தலைநகரம் மாதிரி இருந்திருக்கு. பிரையன் போருன்னு ஒரு ராஜா, 1002-ல இருந்து 1014 வரைக்கும் மொத்த அயர்லாந்துக்கும் பெரிய ராஜாவா இருந்தவரு, இந்த ஊர்ல இருந்துதான் ஆண்டாரு. 1014-ல டப்ளின் பக்கத்துல சண்டையில செத்து போனாரு. நம்ம ராஜராஜ சோழன் காலமானதும் அதே 1014-லதான்! இவருக்கும் அவருக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரியவே தெரியாது. ஊருக்கு வெளிய ஏரி ஓரமா அந்த காலத்து மண் கோட்டை ஒண்ணு வட்டமா கரை மாதிரி கெடக்கு, மேல எல்லாம் மரம் வளந்து போயி. போருன்ற பேரே அந்த எடத்தால வந்ததுன்னு சிலர் சொல்றாங்க, மாட்ட கப்பமா வாங்கறதுக்கு அவங்க பாஷையில இருந்த வார்த்தையில இருந்து வந்ததுன்னு சிலர். மாடுன்னதும் எனக்கு நம்மூரு நடுகல் ஞாபகம்தான் வந்துச்சு. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் எத்தன நடுகல், பாதிக்கு மேல மாட்டு மந்தைய ஓட்டிட்டு போனவன்கிட்ட இருந்து மீட்க போயி செத்தவங்களுக்கு நட்டதுதானே, "தொறு மீட்டு பட்டான்"னு கல்லுலயே எழுதியிருக்கும். ரெண்டு நாட்டுலயும் ஆயிரம் வருஷம் முன்னாடி அடிச்சுக்கிட்டது மாட்டுக்குத்தான்.

அதே ஊர்ல 800 வருஷத்து பழைய சர்ச் ஒண்ணு இருக்கு. உள்ள ஒரு ஒடஞ்ச கல்லு. அதுல ரெண்டு பாஷை, ரெண்டு எழுத்து. கடல் தாண்டி கொள்ளையடிக்க வந்து அங்கயே தங்கி போன வைக்கிங் கூட்டத்து ஆளு ஒருத்தன், தோர்கிரிம்னு பேரு, "இந்த சிலுவைய நான் செதுக்கினேன்"னு தன் பாஷையில எழுதியிருக்கான், ஓரத்துல கோடு கோடா இருக்கற ஐரிஷ் எழுத்துல "தோர்கிரிமுக்கு ஆசீர்வாதம்"னு எழுதியிருக்கு. வந்தவன் ரெண்டு பாஷையிலயும் பேர் போட்டுட்டான். நம்ம ஓசூர் பக்கம் கடை போர்டு மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். அந்த கல்லு முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன், பொண்ணு வந்து கைய புடிச்சு இழுக்க வேண்டியதா போச்சு.

ஆனா ஒண்ணு சொல்றேன், இதுல நாம கொறஞ்சவங்க இல்ல. அந்த கல்லு சர்ச்சுக்குள்ள பத்திரமா தூங்குது. நம்ம நடுகல்லுக்கு இன்னிக்கும் வேடியப்பன்னு பேர் வெச்சு பொங்கல் வெக்கறோம், கெடா வெட்டறோம். அத மியூசியத்துல பூட்டி வெக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். பக்கத்துல நாலு வரி எழுதி ஒரு போர்டு நட்டா போதும், இந்த ஆளு யாரு, எந்த காலம், எதுக்காக செத்தான்னு. நான் லெட்டர் குடுக்க போன ஒரு ஊர்ல நடுகல் மேல துணி தொவைச்சுட்டு இருந்தாங்க, தப்பே சொல்ல முடியாது, யாரும் அவங்களுக்கு சொல்லல.

தண்ணி கதையும் இருக்கு. 1925-ல அங்க ஷானன் ஆத்துல கரண்டுக்காக அணை கட்ட ஆரம்பிச்சு 1929-ல முடிச்சாங்க. நம்ம மேட்டூர் அணை வேலையும் அதே 1925-லதான் ஆரம்பிச்சுது, முடிய 1934 ஆச்சு. அவங்க ஆத்து நடுவுல ஒரு தீவுல இருந்த ஆயிரம் வருஷத்து சின்ன கோயில் முழுகிடும்னு கல்லு கல்லா பேத்து எடுத்துட்டு வந்து ஊருக்குள்ள மேட்டுல மறுபடி கட்டி வெச்சிருக்காங்க, ஒரு ரூம் அளவுதான் இருக்கு. நம்ம மேட்டூர் அணைக்குள்ள முழுகி போன பழைய கோயிலோட பண்ணவாடி நந்தி, தண்ணி வத்துனா தலைய நீட்டும், வந்தா முழுகும். எங்கப்பா பென்னாகரம் பக்கத்து ஆளு, நந்தி தெரியுதுன்னு சொன்னாலே அந்த வருஷம் கஷ்டம்னு சொல்வாரு. இப்ப அந்த ஏரிக்கு கீழ இருந்து டப்ளினுக்கு 170 கிலோமீட்டர் பைப் போட்டு குடிதண்ணி கொண்டு போக திட்டம் போட்டிருக்காங்க, அந்த ஊர் ஜனம் எங்க தண்ணிய தலைநகரம் உறிஞ்சுதுன்னு சண்ட போட்டுட்டு இருக்கு. நம்ம ஒகேனக்கல் கூட்டு குடிநீர் திட்டத்துக்கு நாம பட்ட பாட்ட நெனச்சுக்கிட்டேன், அது 2013-லதான் வந்துச்சு, ஃப்ளோரைடு தண்ணிய குடிச்சு பல்லெல்லாம் கறையா போன புள்ளைங்களுக்கு எத்தன வீட்டுல மணியார்டர் குடுத்திருப்பேன்.

அந்த ஏரியோட நம்ம ஏரிய ஒப்பிட்டு அவன் சுத்தம் நாம மோசம்னு எழுதறது எனக்கு புடிக்காது. அவங்களுக்கு வருஷம் பூரா மழை, தண்ணி வத்தறதுன்னா என்னன்னே தெரியாது. நம்ம ஏரி மனுஷன் கட்டினது, கரை போட்டு, மதகு வெச்சு, மிச்ச தண்ணி வழிய கலிங்கு வெச்சு, தண்ணி வந்தா நெல்லு, வராட்டி கொள்ளுன்னு பொழைக்கறது. கிருஷ்ணகிரி டேம் 52 அடி, அது நெறைஞ்சு வாய்க்கால்ல தண்ணி உட்டாத்தான் ஒம்பதாயிரம் ஏக்கருக்கு பொழப்பு, பாரூர் பெரிய ஏரிக்கும் அந்த ஆத்து தண்ணிதான். மேல கெலவரப்பள்ளி டேம்ல கழிவு கலந்து நுரை பொங்கறதும் அதே தென்பெண்ணைதான், அது தனி லெட்டருக்கு விஷயம்.

நான் கேக்கறது சின்னது. எங்க பக்கத்துல ஒரு ஏரி, பேர் வேணாம், ரெண்டு வருஷம் முன்னாடி அழகுபடுத்தினாங்க. நீரூற்று மூணு மாசம் அடிச்சுது, இப்ப அந்த தொட்டியில கொசு. ஊர் பேர் எழுத்துல ரெண்டு எழுத்து விழுந்து போச்சு. சிமெண்ட் பெஞ்சு பன்னெண்டு போட்டாங்க, பன்னெண்டும் ரோட்ட பாத்து. ஏரிக்கு முதுக காட்டிட்டு, டிப்பர் லாரி கெளப்பற மண்ண மூஞ்சில வாங்கிட்டு யாரு உக்காருவா? தண்ணி பாக்கணும்னா திரும்பி பெஞ்சு மேல மண்டி போட்டு பாக்கணும், எங்க பேரப்பசங்க அப்படித்தான் பாக்குதுங்க.

அடுத்த ஏரிக்கு பிளான் போடறவங்க தயவு செஞ்சு நீரூற்று காச மிச்சம் புடிச்சு ரெண்டு வேலை பண்ணுங்க. ஒரு போர்டு வைங்க, இந்த ஏரிய யாரு வெட்டினது, எத்தன மதகு, எந்தெந்த ஊருக்கு பாயுதுன்னு. மதகு தொறந்து தண்ணி பங்கிட்டு உடற நீர்க்கட்டி குடும்பம் இன்னும் ஊர்ல இருந்தா அவங்கள கேட்டாலே போர்டுக்கு வேணும்ன்றத சொல்லிடுவாங்க. அப்புறம் பெஞ்ச தண்ணி பக்கம் திருப்பி போடுங்க.

எங்க ஏரி பெஞ்சுங்கள திருப்ப செலவும் அதிகம் ஆகாது. சிமெண்ட்ல பொதைக்கல, கீழ பட்டை இரும்பு வெச்சு ஒண்ணுக்கு நாலு போல்ட்டு, துரு கொஞ்சம் புடிச்சிருக்கு, மண்ணெண்ண ஊத்தி ஒரு மணி நேரம் உட்டா கழண்டுக்கும். போன ஞாயித்துக்கெழம டார்ச் அடிச்சு பாத்துட்டு வந்துதான் எழுதறேன். 17-ம் நம்பர் ஸ்பானர் வேணும், எங்கிட்ட இருக்கு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.