கம்பியைச் சுற்றி ஒரு வெள்ளைச் சதுரம்

கோவில்பட்டி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாரியப்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. வெயில் காலம், கடையில் கைமாற்ற ஆள் இல்லை. இன்றுதான் ஷட்டரைச் சீக்கிரம் இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது நிம்மதி. இரண்டு வாரத்துக்கு அடுப்படிப் பக்கம் விடாதே, சொன்னால் கேட்கமாட்டார்கள்.

மருமகளுக்குப் பல்லில் கம்பி போட்டதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. எட்டாம் வகுப்பில் உன்னைத் தேங்காய்த்துருவி என்று கூப்பிட்டோமே, அந்தச் சொத்து பத்திரப்பதிவு இல்லாமலே பிள்ளைக்குப் போய்விட்டது போல. நமக்கு அந்தக் காலத்தில் கம்பி போட யார் இருந்தார்கள்? அவளாவது சிரிக்கட்டும்.

“கடலைமிட்டாய், முறுக்கு, கரும்பு கூடாது என்றார் டாக்டர், மற்றபடி பிரச்சினை இல்லை” என்று எழுதியிருக்கிறாய். அந்த ‘மற்றபடி’யில்தான் நான் மாட்டிக்கொண்டேன், மாரி.

பெரியவனுக்கு இரண்டு வருஷம் கம்பி இருந்தது. மாசாமாசம் திருநெல்வேலிக்கு பஸ். கடலைமிட்டாய்க்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு வீட்டுக்குள் ஒரு துண்டு வரவிடவில்லை. கடித்தால் கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய குட்டித் துண்டு, பிராக்கெட், பெயர்ந்துவிடும், மறுபடி ஒட்ட வேண்டும், செலவு. அதில் கறாராக இருந்தேன். ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் நாலரைக்குக் கடைக்கு வந்து கல்லாப் பக்கத்து ஸ்டூலில் உட்காருவான். நான்தான் கையில் ஒரு பாட்டிலைக் கொடுப்பேன். ஒருநாள் கோலா, ஒருநாள் லெமன் சோடா, ஒருநாள் நன்னாரி சர்பத். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே வாய்வாயாக உறிஞ்சி, ஏழு மணிக்குத்தான் பாட்டில் காலியாகும். பையன் அடக்கமாக இருக்கிறான் என்று எனக்குப் பெருமை வேறு.

போன மாசம் கம்பியைக் கழற்றினார்கள். பல் வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் மேல்வரிசையில் முன்னால் நாலு பல்லிலும் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளை. நடுவில் பிராக்கெட் இருந்த இடம் மட்டும் சதுரமாகப் பழைய நிறத்தில். பழைய காலண்டரைக் கழற்றினால் சுவரில் அதன் அளவுக்குப் புதுசாகத் தெரியுமே, அதேதான். ஒட்டிய இடம் பசைக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. அதைச் சுற்றித்தான் அழுக்கு தங்கி, பல்லின் கெட்டியான மேல்தோடு, எனாமல், கரைந்திருக்கிறது. கம்பி போட்ட நாலு வாரத்திலேயே இந்தத் தடம் தெரிய ஆரம்பிக்கலாமாம். எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

டாக்டரம்மா மேல் குறை இல்லை. முதல் நாள் கொடுத்த தாளில் எல்லாம் அச்சடித்திருந்தது. கடலைமிட்டாய் என்ற வரியோடு நான் நிறுத்திவிட்டேன். இப்போது பொறுமையாகச் சொன்னார். பல்லில் ஒட்டியிருக்கிற கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். குளிர்பானம் சர்க்கரையையும் தரும், தானே அமிலமாகவும் வரும். அமிலத்தை அளக்கிற எண்ணுக்கு பிஹெச் என்று பேர், எண் குறையக் குறைய அமிலம் கூடும். அது 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். கோலா 2.5 பக்கம், எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு, அப்படியென்றால் 5.5-க்கும் 2.5-க்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். புளியங்காய் கடித்தால் பல் கூசும், அதோடு சரி என்று நினைத்திருந்தவன் நான்.

இதில் எனக்கு உறைத்தது ஒரு விஷயம். குடித்து முடித்தபின் எச்சில் மெதுவாக அமிலத்தைக் கழுவி, கரைந்த சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பல்லில் ஏற்றும். அதற்கு அரை மணி, முக்கால் மணி பிடிக்கும். நம்ம ஆள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வாய். நாலரை முதல் ஏழு வரை எச்சிலுக்கு மூச்சுவிட நேரமே இல்லை. அதே பாட்டிலைச் சாப்பாட்டோடு பத்து நிமிஷத்தில் குடித்திருந்தால் இத்தனை சேதம் ஆகியிருக்காது.

பிராக்கெட் ஒட்டுவதற்கு முன்னால் பல்லில் நீல நிறத்தில் ஒரு ஜெல் தடவினார்கள், ஞாபகம் இருக்கிறது. அது பாஸ்பாரிக் அமிலமாம். எனாமலைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கினால்தான் பசை பிடிக்கும். இரும்புக்குப் பெயின்ட் அடிக்கும் முன் அமிலம் தடவுகிற தொழிலிலிருந்து வந்த யோசனை இது. 1955-இல் புவோனகோரே என்ற அமெரிக்கப் பல் டாக்டர் பல்லில் செய்து காட்டியிருக்கிறார். கோலாவிலும் இருப்பது அதே பாஸ்பாரிக் அமிலம்தான், மிகவும் நீர்த்தது. ஆனால் டாக்டரம்மா அரை நிமிஷம் வைத்துக் கழுவிவிட்டார். நான் தினமும் இரண்டரை மணி நேரம் ஊற்றியிருக்கிறேன்.

கடையில் சர்பத் பாகு நானே காய்ச்சுகிறேன். ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர். ஒரு டம்ளருக்கு ஐம்பது மில்லி பாகு ஊற்றினால், உள்ளே நாற்பது கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை போகிறது. இருபது வருஷமாக ஊற்றுகிறேன், அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன்.

சரி, மருமகளுக்கு வருகிறேன். ஆசைப்பட்டால் குடிக்கட்டும், தடுத்தால் வெளியில் குடிப்பாள். ஆனால் சாப்பாட்டோடு ஒரே தடவையாக முடிக்கச் சொல். ஸ்ட்ரா இருந்தால் நல்லது, முன்பல்லில் கொஞ்சம் குறைவாகப் படும். உடனே தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும், ஆனால் உடனே பிரஷ் எடுக்கக் கூடாது. அமிலத்தில் இளகின எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடுவோம், அரை மணியாவது போகட்டும். டயட் கோலா வாங்கித் தந்து ஏமாறாதே, சர்க்கரை இல்லையே தவிர அமிலம் அப்படியே இருக்கிறது. ராத்திரி பல் தேய்த்தபின் தண்ணீர் மட்டும். தூக்கத்தில் எச்சில் மிகவும் குறைந்துவிடும். தாகத்துக்கு மோர் கொடு. அதுவும் புளிப்புதான், ஆனால் அதில் இருக்கிற கால்சியத்தால் பல்லைக் கரைக்காதாம். கம்பிக்கு அடியில் நுழைகிற குட்டி பிரஷ் ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும், வாங்கிக் கொடு. அப்புறம், வெள்ளை ரப்பர் வளையம் போட்டிருந்தால் சாம்பார் மஞ்சள் ஏறி அசிங்கமாகத் தெரியும். அதற்குப் பயப்படாதே, அடுத்த தடவை போகும்போது மாற்றிவிடுவார்கள்.

பெரியவனுக்கு இப்போது ஃபுளோரைடு பேஸ்ட், நடுவில் டாக்டரம்மா ஃபுளோரைடு பூச்சும் பூசினார். சில மாசத்தில் கொஞ்சம் மங்கும், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது என்றார். இல்லையென்றால் ரெசின் என்ற பிசினைப் பல்லில் ஏற்றி நிறத்தைச் சரிக்கட்டும் வைத்தியம் இருக்கிறதாம், பார்க்கலாம். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டோவுக்கு மட்டும் உதட்டை மூடிக்கொள்கிறான். கடைக்கு வந்தால் இப்போது பானைத் தண்ணீர்தான், அவனே மோந்து குடிக்கிறான்.

நீ கேட்ட கடலைமிட்டாய் அரைக்கிலோ, சனிக்கிழமை கோயம்புத்தூர் வரும் என் மச்சான் கையில் கொடுத்தனுப்புகிறேன். தங்கச்சியிடம் சொல்லி மேல் பரணில் வைக்கச் சொல். மருமகள் உன்னைவிட உயரம் என்று கேள்விப்பட்டேன், அதனால் பரணும் பத்தாது.

அன்புடன்,
உன் ராமர்