அண்ணே, சாவி கொடுக்கப் போகிறார்கள்

அண்ணே,

தைப்பூசம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுக்கிறார்கள். நம் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கடைசிவரை நின்ற குடும்பங்களுக்கு எல்லாம் வீடு வந்துவிட்டது. தரை வீடுதான். மூன்று அறை, பின்னால் கீரைப் பாத்தி போடுகிற அளவுக்குக் கொஞ்சம் மண். உன்னைக் கூப்பிடச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள், உன் நம்பர் வேறு யாரிடம் இருக்கிறது? கிணற்றடி லயத்துப் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் அண்ணன் வராம நான் பால் காய்ச்ச மாட்டேன்" என்றார். பல நாள் யோசித்தேன். சரி, கூப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பாதி சொல்லும்போதே நீ குறுக்கே ஒரு கேள்வி போடுவாய். அதோடு, நமக்குள் முறிந்தது சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் பார்க்க நடந்தது. அதனால் ஊர் பார்க்கவே எழுதுகிறேன். ஊர் பார்க்கிறது என்பதால் சிலவற்றை விட்டும்விடுகிறேன். யார் எப்போது கையெழுத்துப் போட்டார்கள் என்ற விவரம் இதில் வராது. அவர்களுடைய பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். அன்றிரவு அப்பா உன்னிடம் சொன்னதும் வராது.

தோட்டத்து ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தக் கூட்டிய அந்தக் கூட்டத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ முன்வரிசையில் நின்றாய். நான் பின்னால், கோயில் கொட்டகைத் தூணுக்குப் பக்கத்தில் பெண்களோடு நின்றேன். அங்கிருந்து தெரிந்தது வேறு.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரைச் சத்தத்தில் தோட்டத்துக் குமாஸ்தா, அந்தக் கிராணி, வாசித்தது யாருக்கும் காதில் விழவில்லை. மேனேஜர் வரவில்லை. மேசை போட்டு, பாரங்களை அடுக்கி, மழைச்சாரல் படாமல் ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்திருந்தார்கள். பெயர் கூப்பிடுவதற்கு முன்பே ஆட்கள் எழுந்து வரிசை பிடித்தார்கள். விடியாத நேரத்தில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கிற வரிசைக்கு, நின்று நின்று பழகிய கால்கள். யாரும் சொல்லாமலே நின்றன. அப்பாவும் நின்றார். வேலையை விட்டு நிறுத்துவதற்குச் சட்டப்படி வர வேண்டிய பணம் ஒன்று இருந்தது. 1980-ம் ஆண்டு விதிமுறைப்படி ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, வருடத்துக்கு 20 நாள் சம்பளம். அது போக, லயத்து வீட்டைக் காலி செய்து கையெழுத்துப் போட்டால் இன்னொரு தொகை, கம்பெனி மனமிரங்கிக் கொடுப்பது.

அப்போதுதான் நீ கேட்டாய்: "இந்தப் பணம் அவங்களா குடுக்கிறதா, நமக்குச் சேர வேண்டியதா?"

யாரோ சிரித்தார்கள். "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, பணம் பணம்தானே" என்றார் கிராணி. நீ விடவில்லை. "ஒண்ணு இல்லீங்க. அவங்களா குடுக்கிறதுன்னா எவ்வளவு குடுத்தாலும் கும்பிட்டு வாங்கிக்கணும். சேர வேண்டியதுன்னா, ஏன் இவ்வளவு, ஏன் இதுக்கு மேல இல்லைன்னு கேக்கலாம்." வரிசை கொஞ்சம் கலைந்தது. மழை சத்தத்திலும் எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. சிலர் மேசைப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பினார்கள்.

அண்ணே, தத்துவம் வாழ்க்கைக்கு எதற்கு என்று என்னிடம் இப்போது யாராவது கேட்டால் அந்த நிமிடத்தைத்தான் சொல்வேன். நம் பக்கத்தில் தத்துவம் என்றால் சாவு வீட்டில் பேசுவது. பிறந்தவன் போய்த்தான் ஆகணும், காசு கூட வருமா என்று ராத்திரி முழுக்கப் பேசுவார்கள். மறுநாள் விடியற்காலை அதே ஆட்கள் அதே வாளியோடு அதே மர நிரைக்குப் போவார்கள். அந்தப் பேச்சால் ஒரு மரம்கூட இடம் மாறாது. நீ கேட்டது அப்படிப்பட்டது இல்லை. எல்லோரும் பழக்கத்தால் செய்துகொண்டிருந்த ஒரு காரியத்தை நிறுத்தி, இது என்ன என்று பார்க்க வைத்தது. நன்றிக்கும் உரிமைக்கும் நடுவில் ஒரு கோடு போட்டாய். அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை வைத்து அடுத்த பல வருடம் இந்த மக்களின் வாழ்க்கை மாறியது.

நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கோலகங்சாருக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்களே, 1877-ல் நட்ட முதல் ரப்பர் மரங்களில் மிஞ்சிய ஒன்றைக் காட்ட. நட்டது பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ என்று வாத்தியார் சொன்னார். "குழி வெட்டுனது யாரு சார்?" என்று நீ கேட்டாய். வாத்தியாருக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது எனக்கு உன்னை நினைத்து அவ்வளவு பெருமை.

ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது நீ ஒன்று சொன்னாய். "இவங்க யோசிக்கவே மாட்டேங்கிறாங்க." இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை. அம்மா நாலு மணிக்கு எழுந்து சமைத்து, நம்மைத் தயார் செய்து, மரம் சீவி, பால் எடுத்து, ஒட்டுப்பால் பொறுக்கி, நடுப்பகலில் திரும்பி வந்து மறுபடி அடுப்படிக்குப் போனவள். யோசிக்க எந்த நேரத்தை ஒதுக்குவாள்? நீயே எனக்குச் சொன்ன பெண் சிமோன் வெய்ல். தத்துவம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, 1934-ல் பாரிஸ் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகப் போய் நின்றவள். யோசிப்பதை விட்டுவிட வேண்டும் என்பதுதான் அங்கே வருகிற பெரிய ஆசை, யோசிக்காமல் இருந்தால்தான் வலி தெரியாது என்று எழுதி வைத்தாளே. அவ்வளவு படித்தவளுக்கே சில மாதத்தில் அப்படி ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் முப்பது நாற்பது வருடமாக நின்றவர்கள், அண்ணே. அதை நீ படித்திருந்தாய். பார்க்கவில்லை.

சரி, கையெழுத்துக்கு வருகிறேன்.

அப்பா போட்டார், நான்தான் போட வைத்தேன். அம்மாவின் கால் அப்போது எப்படி வீங்கியிருந்தது என்பதை நீ பார்த்தாய். டாக்டர் என்ன சொன்னார் என்பதை நான் மட்டும்தான் கேட்டேன். ரத்தத்தைச் சுத்தப்படுத்துகிற மெஷினில் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், ஈப்போவுக்குப் போய் வர வண்டிக் கூலி, மருந்து. அந்தத் தொகை எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது. அது கருணையா உரிமையா என்று கேட்டுக்கொண்டு நான் நிற்க முடியாது. நீ ஊரை நிறுத்தி வைத்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், உன் சொந்த அப்பா உனக்குத் தெரியாமல் மேசைக்குப் போனார். ஊருக்கு அது எப்படித் தெரிந்தது, உன்னை என்ன பேசினார்கள், எனக்குத் தெரியும். கையெழுத்துக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று அதே நிலை வந்தாலும் போடத்தான் சொல்வேன். உன்னிடம் மறைத்ததற்குக் கேட்கிறேன். நீ கிராணி வாயிலிருந்து அதைத் தெரிந்துகொண்டாயே, அதற்குக் கேட்கிறேன்.

ஆனால் நீயும் போயிருக்க வேண்டாம். சாக்ரடீஸ் சிறையில் நஞ்சு குடித்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? தப்பிக்க வழி இருந்தும் போகவில்லை என்று கண் கலங்கச் சொல்வாய். அன்று காலையில் அவர் மனைவி சாந்திப்பி கைப்பிள்ளையோடு உள்ளே இருந்தாள், அழுதாள், அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு அவர் நண்பர்களோடு ஆன்மாவைப் பற்றிப் பேசினார் என்பதை நீ ஒரு தடவையும் சொன்னதில்லை. மூன்று பிள்ளைகள். அவர்களை யார் வளர்த்தார்கள் என்று நான் கேட்பேன். அது தத்துவத்தில் சேராத கேள்வி என்று நினைக்கிறாயா? எனக்கு அதுதான் முதல் கேள்வி.

இதெல்லாம் எப்போது படித்தேன் என்று கேட்பாய். அம்மாவின் ரத்தம் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும்போது. நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு ஓய்வு அதற்கு முன் கிடைத்ததில்லை. நீ விட்டுப்போன பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப்போனேன். அம்மா பாதித் தூக்கத்தில் கேட்பாள், "அவன் கேட்டதுக்கு யாராச்சும் பதில் சொன்னாங்களா?" மெஷினில் போட்ட நாளிலிருந்து கடைசிவரை அவள் உன்னைப் பற்றிக் கேட்டது இது ஒன்றுதான். சாப்பிட்டானா, கல்யாணம் செய்வானா என்றெல்லாம் கேட்கவில்லை. யோசிக்கமாட்டார்கள் என்று நீ சொன்ன கூட்டத்தில் ஒருத்தி அவள்.

அப்படித்தான் ஜான் லாக்கைப் படித்தேன். கூட்டத்தில் அவர் பெயரைத்தான் நீ சொன்னாய். 1689-லேயே ஒரு வெள்ளைக்காரர் எழுதியிருக்கிறார், தன் உழைப்பை எதோடு ஒருவன் கலக்கிறானோ அது அவனுடையது ஆகிறது, அப்படிப் பார்த்தால் மூணு தலைமுறை உழைப்பு கலந்த இந்த மண்ணில் நமக்கு ஒண்ணுமே இல்லையா என்று கேட்டாய். எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது. எனக்கும்தான். ஆனால் அதே இடத்தில், அடுத்த பக்கம்கூடத் திருப்ப வேண்டாம், லாக் தன் குதிரை மேய்ந்த புல், தன் வேலைக்காரன் வெட்டிய புல்கட்டி, தான் தோண்டிய தாது, எல்லாம் தன் சொத்து என்கிறார். குதிரையும் வேலைக்காரனும் ஒரே வரியில்! வேலைக்காரனின் உழைப்பு முதலாளி கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கணக்குப்படி தாத்தா வெட்டிய குழியும் அப்பா சீவிய மரமும் கம்பெனிக்குத்தான். அந்த வரிக்குக் கீழே பென்சிலில் கோடு போட்டிருந்தாய் நீ. தெரிந்தே விட்டுவிட்டாய்.

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என்னம்மா என்று கேட்கிற அளவுக்குப் புத்தகத்தை மூடினேன். அப்புறம் யோசித்தேன். நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்து எழுதாத ஒன்றிலிருந்து நமக்கு ஆகிற பாதியை எடுத்துக்கொண்டாய். அது திருட்டா, நியாயமா? இன்னும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை. நீ வந்தால் இதைத்தான் முதலில் பேசுவேன்.

இனி உனக்குத் தெரியாதது. நீ போன பிறகு நடந்தது.

லாக்கை வைத்துக்கொண்டு யாரும் வீடு வாங்கவில்லை. பேச்சுவார்த்தையில் அந்தப் பக்கத்து ஆள், லயத்து வீடு கம்பெனி இலவசமாகக் கொடுத்தது, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்று சொல்லியிருக்கிறார். கிணற்றடி லயத்துப் பெரியம்மா எழுந்திருக்கிறார். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிறவர். "சம்பளம் ஏன் இவ்வளவு கம்மின்னு நாங்க கேட்டப்பல்லாம், அதான் வீடு சும்மா குடுக்கிறோமேன்னு சொன்னீங்க. அப்ப அது சும்மா இல்ல. எங்க சம்பளத்துல பிடிச்சது. இத்தனை வருஷம் பிடிச்சீங்களே, அந்த வீடு எங்க?"

அந்தப் பக்கத்தில் பதில் இல்லை. அதற்கப்புறம் வக்கீல் எழுதியதிலும், மெமோராண்டத்திலும், ஒவ்வொரு மறியலிலும் பேசியது அதைத்தான். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. தண்ணீரை நிறுத்தினார்கள், மின்சாரத்தை வெட்டினார்கள், சிலர் நடுவில் இறந்தார்கள். ஆனால் வாதம் அசையவில்லை. குதிரைக்கும் வேலைக்காரனுக்கும் லாக் போட்ட முடிச்சை அவிழ்க்க அது போதும் என்று நினைக்கிறேன். உழைப்பு முதலாளி கணக்கில் சேர்வது கூலி முழுதாகக் கொடுத்தால்தானே? கூலியில் பாதியை வீடு என்று சொல்லி வைத்துக்கொண்டவர், அந்த வீட்டைத் தானம் என்று சொல்ல முடியாது.

நீ கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அம்மாவிடம் நான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் விளக்கப் போனேன். "போதும், புரியுது" என்றாள். பெரியம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி மறுநாள் என்னிடம் வெற்றிலை வாங்கித் தந்தாள்.

நீ கேட்காமல் இருந்திருந்தால் பெரியம்மா அப்படி யோசித்திருப்பாரா? அவரைக் கேட்டேன். "அவன் கேட்டது மண்டையில ஓடிக்கிட்டே இருந்துச்சு, சீவும்போதெல்லாம்" என்றார். இதை உனக்குச் சொல்லாமல் இத்தனை காலம் வைத்திருந்தேன். உன் மேல் இருந்த கோபத்தில் இதைக் கொடுக்க மனம் வரவில்லை. இப்போது வாங்கிக்கொள்.

நமக்கு வீடு கிடையாது. அது பற்றி ஊரில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீயும் அங்கே வந்து சொல்லாதே. நான் தாமானில், வெளியே உள்ள குடியிருப்பில், வாடகைக்குத்தான் இருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். உன்னைப் பேசச் சொல்வார்கள். பேசு. ஆனால் பெரியம்மா பேசின பிறகு பேசு. இந்தத் தடவை புத்தகத்தில் கோடு போட்ட வரியையும் சேர்த்துச் சொல், பிள்ளைகள் இருப்பார்கள்.

என் வீட்டில் தங்கு. அப்பா படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது, அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தால் உள்ளறையில் படுத்துக்கொள். பூச விடுமுறைக்கு ஜொகூர் பஸ்ஸில் இடம் கிடைக்காது. டிக்கெட்டை இந்த வாரமே எடுத்துவிடு.

தங்கச்சி