ஆண்டறிக்கை 2024–25: கழுவெளியின் இளவேனில்

தலைவர் ஐயா அவர்களுக்கும் பொருளாளர் அம்மா அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் பறவை நோக்கர் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கு மார்ச் மாதத்தோடு முடிகிறது. பறவைகள் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பதால், பார்வைக் குறிப்புகளை மட்டும் மே மாதம் வரை சேர்த்திருக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. அக்டோபரில் பள்ளி மாணவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடந்தது. ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் கலந்துகொண்டோம். பிப்ரவரி 2, உலக ஈரநில நாளன்று ஊசுடேரிக் கரையில் பிளாஸ்டிக் குப்பை அள்ளினோம். மே 10, உலக வலசைப் பறவைகள் நாள் கூட்டம் போதிய ஆள் சேராததால் நடக்கவில்லை. நம் கழுவெளி ஈரநிலம் 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது நம் எல்லோருக்கும் பெருமை. அன்று சங்கத்தின் சார்பில் இனிப்பு வழங்கினோம்.

இந்த ஆண்டு சங்கம் புதிதாக எடுத்துக்கொண்ட ஒரே வேலை, மார்ச் முதல் மே வரை ஞாயிறுதோறும் பறவைகளை எண்ணி எழுதும் ‘இளவேனில் கணக்கு’. நான் முன்மொழிந்தேன், செயற்குழு ஏற்றுக்கொண்டது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதி வேண்டும்.

மார்கழியிலும் தையிலும் கழுவெளிக்கு வர ஆளுக்குப் பஞ்சமில்லை. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மந்தை மந்தையாக மிதக்கும், வெயில் உறைக்காது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம். மாசி பாதியில் கூட்டம் கரைந்துவிடுகிறது. எந்தப் பறவை எந்த வாரம் கிளம்பியது, கிளம்பும் முன் எந்தச் சேற்றில் மேய்ந்து உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டது, எவை கிளம்பாமல் தங்கிவிட்டன என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரியவரும். ஜனவரிக் கணக்கில் இவற்றுக்கு இடமே இல்லை. வளைமூக்கு உள்ளான் குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடகோடியில். அவ்வளவு தூரம் போகிற பறவைக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பது நம் கழுவெளியும் மரக்காணம் உப்பளமும்தான். அந்தச் சில வாரங்களில் ஒருவராவது நின்று பார்த்து எழுதிவைக்க வேண்டாமா?

இந்த ஆண்டு எழுதிவைக்க இன்னொரு காரணமும் இருந்தது. நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. வீடூர் அணை திறந்துவிடப்பட்டுச் சங்கராபரணியில் வெள்ளம் போனது. திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி, மிகுநீர் எல்லாம் கழுவெளியில் வந்து தேங்கியது. மற்ற ஆண்டுகளில் மாசிக் கடைசியில் சேறு தலைகாட்டும் இடங்களில் இம்முறை முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது.

அதனால்தான் ஆறடி மூங்கில் கழி ஒன்றில் வெள்ளையும் சிவப்புமாகச் சென்டிமீட்டர் கோடு போட்டு, ஒவ்வொரு ஞாயிறும் எடுத்துக்கொண்டு போனேன். மதகு, பாலத்தடி, உப்பள வரப்பு என்று ஏழு இடங்கள். சரணாலய எல்லைக்குள் இறங்காமல் கரையில் நின்றபடியே அளக்கக்கூடிய இடங்களாகப் பார்த்துத் தேர்ந்தேன். பறவை பார்க்க வந்தவர் ஏன் தண்ணீரை அளக்கிறார் என்று சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். அன்று நேரமில்லை, இன்று பதில் சொல்கிறேன். கொசு உள்ளானின் கால், மடங்கும் மூட்டுக்குக் கீழே, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். வளைமூக்கு உள்ளானுக்கு 3. கருவால் மூக்கனுக்கு 7 அல்லது 8. பூநாரைக்கு ஓர் அடி. தண்ணீர் ஒரு சாண் கூடினால் பூநாரைக்கு ஒன்றுமில்லை, கொசு உள்ளானுக்கு அது கடல். எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைக் கால் நீளமும் நீர் ஆழமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. பறவை குறைந்துவிட்டது என்று நாம் பதறுகிற பல ஆண்டுகளில் அவை நான்கு மைல் தள்ளி ஆழம் குறைந்த இடத்தில் மேய்ந்துகொண்டிருக்கும்.

இம்முறை அதைக் கண்ணாரக் கண்டோம். மார்ச் முழுக்கக் கழுவெளியின் நடுப்பகுதியில் சிறு உள்ளான்கள் ஏறக்குறைய இல்லை. அதே வாரங்களில் மரக்காணம் உப்பளத்தின் முதல்நிலைப் பாத்திகளில், உப்பு இன்னும் ஏறாத தண்ணீரில், கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் மணல் உப்புக்கொத்தியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மேய்ந்தன. ஏப்ரல் 13 அன்று பாலத்தடியில் கழி 6 சென்டிமீட்டர் காட்டியது, கருவால் மூக்கன்கள் அங்கே இறங்கியிருந்தன. அடுத்த ஞாயிறு சேறு தெரிந்தது. உப்பளத்தில் பார்த்த சிறு உள்ளான்கள் அங்கே வந்துவிட்டன. உப்பளத் தொழிலாளி ஒருவர், “தண்ணி வத்துனா அதுங்க அங்க போய்டும் சாமி, இங்க இருக்காது” என்று மார்ச்சிலேயே சொன்னார். நான் ஆறு வாரம் அளந்து கண்டதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அவர் சொன்னதை நாளும் இடமும் போட்டுப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 20 காலையில் கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தையில் சாம்பல் பூசியதுபோல் இருந்த வளைமூக்கு உள்ளான்கள் அன்று கழுத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறத்தில் நின்றன. மணல் உப்புக்கொத்திகளின் மார்பில் காவிப் பட்டை. மீசை ஆலாக்களுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி ஏறி, வயிறும் கறுத்திருந்தது. குளிர்காலத்தில் மட்டும் பார்த்தவருக்கு இவை வேறு பறவைகளாகத்தான் தோன்றும். ஏழு மணிக்கு ஒரு கூட்டம் கிளம்பி, வட்டமடித்து, மறுபடி இறங்கியது. இப்படி மூன்று முறை. அடுத்த ஞாயிறு போனபோது அங்கே பாதிகூட இல்லை.

எடையன்திட்டு முகத்துவாரத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் ஏப்ரல் முதல் வாரத்தோடு மறைந்தன. ஊசுடேரியில் நீலச்சிறகி ஏப்ரல் நடுப்பகுதிவரை இருந்தது. நீளவால் இலைக்கோழிக்கு மே மாதம் வால் முழுதாக வளர்ந்துவிட்டது. வீடூர் அணையில் ஒரு விராலடிப்பானும் சில கூழைக்கடாக்களும் தவிரச் சொல்லும்படி ஏதுமில்லை, நீர் நிறைந்து கரையே தெரியவில்லை. உப்பள வரப்பில் நெடுங்கால் உள்ளான் முட்டையிட்டிருந்தது. அந்த இடத்தை யாருக்கும் சொல்லவில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை.

மே 11 அன்று இன்னும் சாம்பல் நிறத்திலேயே சில உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஓராண்டு நிரம்பாத இளம் பறவைகள் பல, முதல் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். அவற்றை எண்ணிவைப்பதும் நம் வேலைதான்.

இனி சொல்வதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்ச் 2 முதல் மே 11 வரை 11 ஞாயிறுகள். பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். 7 ஞாயிறுகளில் என்னோடு வந்தது ஒரே ஒரு கல்லூரி மாணவி. 2 ஞாயிறுகளில் நான் தனியாகத்தான் போனேன். ஒருவர் ஸ்கோப் என்னும் தொலைநோக்கியில் எண்ணும்போது இன்னொருவர் எழுத வேண்டும். தனி ஆளாக எண்ணினால், குனிந்து எழுதும் நேரத்தில் கூட்டம் இடம் மாறிவிடும். அந்த 2 நாள் எண்ணிக்கையை நான் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றவில்லை, அதை நம்ப எனக்கே மனம் வரவில்லை. கல்யாணம், காதுகுத்து, பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் எனக்கும் உண்டு. வர முடியாது என்று சனிக்கிழமை இரவு ஒரு வரி எழுதினால் போதுமானது.

நம் வாட்ஸ்அப் குழுவில் பூநாரைப் படங்கள் நிறைய வருகின்றன, அழகாகவும் இருக்கின்றன. நாளும் இடமும் இல்லாத படத்தைப் பதிவில் சேர்க்க முடியாது. ஏப்ரலில் ஒருவர் அனுப்பியது பட்டைவால் மூக்கனாகத்தான் இருக்க வேண்டும். மூன்று முறை கேட்டும் எங்கே எடுத்தது என்ற பதில் வரவில்லை. நம் பட்டியலில் அந்தப் பறவை இன்றும் இல்லை.

பதிவேட்டில் 42 உறுப்பினர்கள். சந்தா கட்டியவர்கள் 19. சிலருக்கு மூன்று ஆண்டு நிலுவை. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார், படிக்கவில்லை. சந்தாவாகவும் நன்கொடையாகவும் வந்த தொகையில் பெட்ரோல், அச்சு, கூட்டச் செலவு, ஸ்கோப்பின் முக்காலிப் பழுது ஆகியவை போக ஒரு சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரம் பொருளாளர் அம்மாவிடம் இருக்கிறது, விரும்புகிறவர்கள் பார்க்கலாம். மூங்கில் கழிக்கும் பெயின்ட்டுக்குமான செலவு சங்கக் கணக்கில் எழுதப்படவில்லை.

கூட்டம் நடத்த இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், வழிகாட்டிய வனத்துறை அலுவலர்களுக்கும், வரப்பில் நடக்க அனுமதித்த உப்பளக்காரர்களுக்கும், தணிக்கை செய்து கொடுத்த நண்பருக்கும் சங்கத்தின் நன்றி. 9 ஞாயிறுகளும் கையெழுத்துப் புரியும்படி குறிப்பெடுத்த மாணவிக்கு என் தனிப்பட்ட நன்றி. அவர் மேற்படிப்புக்கு வெளியூர் போகிறார்.

ஒரே ஓர் இளவேனிலை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. புயல் வெள்ளம் வந்த ஆண்டுக்கும், மழை பொய்த்த ஆண்டுக்கும், நடுத்தரமான ஆண்டுக்கும் குறிப்பு சேர்ந்தால்தான் ஆழத்துக்கும் பறவைக்கும் உள்ள கணக்கு பிடிபடும். குறைந்தது இன்னும் நான்கு ஆண்டு வேண்டும். இந்தப் பொறுப்பில் ஆறு ஆண்டு இருந்துவிட்டேன். வேறு யாரேனும் ஏற்க முன்வந்தால் பதிவேடுகளை ஒழுங்காக ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டாலும் இந்தக் கணக்கு நிற்கக் கூடாது என்பதே என் விருப்பம்.

அடுத்த இளவேனில் கணக்கு 2026 மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். காலை 5:30க்குத் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் வண்டி நிற்கும். கழி மேலே கட்டியிருக்கும். உள்ளே நான்கு பேர் உட்காரலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்