கரூர் பரமத்தியில் சாயங்காலம் ஏழு மணி

ஆசிரியருக்கு வணக்கம்.

சித்திரை பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழில் தினமும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும். தமிழ்நாட்டில் நேற்று வெயில் அதிகம் அடித்த ஊர்களின் பட்டியல். கரூர் பரமத்தி அதில் முதலிடத்திலோ, ஈரோட்டுக்கும் வேலூருக்கும் அடுத்தோ நிற்கும். எங்கள் ஊர்ப் பெயர் பேப்பரில் வருவது அநேகமாக அதற்கு மட்டும்தான். வெளியூரில் படிக்கும் பையன்கள் அதைப் போட்டோ எடுத்து, பரிசு வாங்கியது போல ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். (சிலர் எங்களைப் பரமத்தி வேலூர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நாமக்கல் மாவட்டம், காவிரிக் கரை, வெற்றிலைக் கொடிக்கால் ஊர். நாங்கள் ஆறு பார்க்காத க.பரமத்தி.)

அந்த எண் எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வானிலைத் துறை வெப்பத்தை அளப்பது மார்பளவு உயரத்தில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில். ஆகவே 42 டிகிரி என்றால் நிழலில் 42. ஆடு மேய்ப்பவருக்கும் தார் ரோட்டில் சைக்கிள் மிதிக்கும் பிள்ளைக்கும் அது வேறு கணக்கு. இன்னொரு வேடிக்கை, சமவெளியில் 40-ஐத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் அதற்கு ‘வெப்ப அலை’ என்று பெயர். இல்லையென்றால் 45-ஐத் தொட வேண்டும். எங்களுக்கு மே மாத இயல்பே உசரம். அதனால் ஊரே வெந்துகொண்டிருக்கும் பல நாட்களில் கணக்குப்படி அலை அடிப்பதில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவுதான். நான் எழுத வந்தது சாகாமல் இங்கே குடியிருப்பவர்களைப் பற்றி.

வெயில் எங்களுக்குப் புதிது இல்லை. மேற்கு மலைகள் மழையை மறித்துக்கொள்கிற பூமி இது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து சேரும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஏற்ற மாதிரி ஒரு ஏற்பாடும் இருந்தது, கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். ஆடு மாடுகளுக்கான மேய்ச்சல் நிலம்தான், ஆனால் கோடை லீவில் அது எங்களுக்கு விளையாட்டு மைதானம். மத்தியானத்தில் மரத்தடியில் தாயக்கட்டம், வெயில் தாழ்ந்தால் கில்லி, கபடி. உதிர்ந்த வெள்வேலங்காயை ஆடு பொறுக்கும், ஆட்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம். கிணற்றில் தண்ணீர் இருந்த காலம். என் அப்பாரு (தாத்தா) முதுகில் சுரைக்குடுவையைக் கட்டி என்னைத் தூக்கி உள்ளே போட்டவர். இன்று ஆயிரம் அடி போர்வெல்லில் எந்தப் பிள்ளை நீச்சல் கற்றுக்கொள்ளும்? கொறங்காடுகள் பலதும் கைமாறிவிட்டன. கல் நட்டு, கம்பி வேலி போட்டு, மரத்தை வெட்டிவிட்டு விலைக்குக் காத்திருக்கிற நிலங்களை ரோட்டோரம் எங்கும் பார்க்கலாம்.

சரி, பழங்கதை போதும். இப்போது நடப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பொது மைதானம் ஒன்று இருக்கிறது. ஒரு மரம் கிடையாது. கத்திரி வெயிலில் மாலை நாலரைக்குப் பந்தை எடுத்துக்கொண்டு போகும் பையன்கள் ஐந்தே நிமிடத்தில் திரும்பி வருகிறார்கள். ஆறரைக்குத்தான் அந்தத் தரை காலை வைக்க விடுகிறது. பொழுது சாய்வதும் ஆறரைக்குத்தான். அப்புறம் செல்போன் வெளிச்சத்தில் வாலிபால். ஏழு மணிக்குத்தான் ஊர் வீட்டை விட்டு வெளியே வருகிறது, ஆனால் ஊரில் செய்து வைத்திருக்கிற வசதி எல்லாம் பகலுக்கானது. விளையாட்டின் நேரத்தை வெயில் மாற்றிவிட்டது. நம் ஏற்பாடுகள் இன்னும் பழைய நேரத்திலேயே நிற்கின்றன.

இதில் அதிகம் அடிபடுவது யார் என்று பார்த்தால் பெண் பிள்ளைகள். மாலை ஐந்து மணி என்றால் எந்த வீட்டிலும் மகளை மைதானத்துக்கு அனுப்புவார்கள். இருட்டில், விளக்கில்லாத ஊர்க் கோடிக்கு யார் அனுப்புவார்கள்? பள்ளியில் கோ-கோ அணியில் ஓடிக்கொண்டிருந்த என் அண்ணன் மகள் இரண்டு கோடையாக வீட்டுக்குள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால், “வெளிச்சம் இருக்கறப்ப வெயிலு, வெயில் போனா வெளிச்சம் இல்ல, நான் எப்பப் போறது சித்தப்பா?” என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை. சர்க்கரை நோய்க்காக டாக்டர் நடக்கச் சொன்ன பெரியவர்களின் நிலையும் இதேதான். விடியற்காலை நாய், ராத்திரி பாம்பு.

விளக்கு இருந்தால் பெண்கள் வருவார்களா என்று யாராவது கேட்டால், வள்ளி கும்மிப் பயிற்சியைப் போய்ப் பார்க்கச் சொல்வேன். கொங்குப் பக்கம் இப்போது ஊர் ஊராக நடக்கிறது. வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல் பத்ரப்பன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஊரிலும் கோயில் வாசலில் இரண்டு பெரிய விளக்கைக் கட்டினார்கள். ராத்திரி ஏழரைக்கு ஆறு வயதுக் குழந்தையிலிருந்து அறுபது வயது ஆத்தா வரை வட்டம் கட்டி நின்றார்கள். ஒன்பது மணி வரை கால் ஓயவில்லை. அரங்கேற்றம் முடிந்தது, விளக்கை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள், வாசலும் காலி.

செலவழிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிராமங்களில் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் என்று முன்பு ஒரு திட்டம் வந்தது. 2024-ல் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் அடங்கிய தொகுப்பு கொடுத்தார்கள். மட்டையும் பந்தும் நல்லதுதான். ஆனால் பக்கத்து ஊர் ஒன்றில் திறந்த வெளியில் நட்டிருக்கிற இரும்புக் கருவிகளைக் காலை பத்து மணிக்கு மேல் தொட்டால் கை பொத்துப்போகும். அதில் துணி காயப்போடுகிறார்கள். உடனே காய்ந்துவிடுகிறது, அந்த வகையில் பயன்தான்.

மரக்கன்று நடும் விழாவும் வருடம் தவறுவதில்லை. ஐப்பசியில் நட்டுப் படம் எடுக்கிறார்கள், பங்குனியில் குச்சி நிற்கிறது. எல்லாப் பக்கமும் நட வேண்டியதில்லை. மைதானத்தின் மேற்கு ஓரத்தில் ஒரே ஒரு வரிசை நின்றால் போதும், நாலரை மணிக்கு நிழல் ஆடுகளத்துக்குள் நீண்டுவிடும். அழகுச் செடி வேண்டாம். வேம்பு, புங்கன், பூவரசு, முடிந்தால் வெள்வேல். ஆடு கடிக்காமல் இருக்கக் கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) நட்டால் வேலிக்குக் காசும் இல்லை. இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற நூறு நாள் வேலையில் ஆள் ஒதுக்க வேண்டும். நடுவதற்கு ஆள் ஒதுக்குகிறவர்கள் ஊற்றுவதற்கு ஒதுக்காததன் ரகசியம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அதுவரை என்ன செய்வது? ஊரில் நிழலும் சுற்றுச்சுவரும் விளக்கும் தண்ணீர்க் குழாயும் ஒருசேர உள்ள ஒரே இடம் பள்ளி வளாகம். கோடை லீவில் அதற்குத்தான் பூட்டு. காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, மாலை ஆறிலிருந்து எட்டரை வரை, பொறுப்பாக ஒரு ஆளைப் போட்டுத் திறந்துவிட முடியாதா? கேட்டால் அங்கே கை காட்டுகிறார்கள், அங்கே போனால் இங்கே. 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் வந்த பிறகு, யார் கதவைத் தட்டுவது என்பதே குழப்பமாகிவிட்டது. மே 1 கிராம சபையில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் உங்கள் நிருபர் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்கூட்டியில் போகிறவர்களையும் தர்பூசணிக் கடையையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார். அடுத்த சித்திரையில் அவரைச் சாயங்காலம் ஏழு மணிக்கு அனுப்புங்கள். டார்ச் லைட் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மைதானத்துக்கு நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
க.பரமத்தி அருகில், கரூர் மாவட்டம்.