ஐஸ்கிறீம் கடை அண்ணைக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்கள் கல்லூரி வில்வித்தைக் கழகத்தின் பழைய மாணவர், பெற்றோர், அயலவர் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வில்லுகளையும் பயிற்சிக் கொப்பிகளையும் வெள்ளம் நனைத்த கதை உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. வில்லுகள் போனது கவலைதான். ஆனால் காசு சேர்த்தால் வில் வாங்கலாம். பயிற்றுவிப்பாளர்கள் கைப்பட எழுதிய கொப்பிகள் போயிருந்தால் எங்கே போய்க் கேட்பது? நேற்றுத்தான் கடைசிக் கொப்பியும் விரித்துப் படிக்கும் நிலைக்கு வந்தது. அந்த நிம்மதியில் எழுதுகிறேன்.

முதல் நன்றி நல்லூர்ப் பக்கம் ஐஸ்கிறீம் கடை வைத்திருக்கும் அண்ணைக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நனைந்த தாளில் இரண்டு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். அத்தனையையும் ஒரேயடியாக உலர்த்த எங்களிடம் இடமும் இல்லை, ஆளும் இல்லை. கொழும்பில் நூலகராக இருக்கும் பழைய மாணவி ஒருவர் தொலைபேசியில், "வெயிலில போடாதையுங்கோ, உறைய வையுங்கோ" என்றார். உறைந்துவிட்டால் பூஞ்சணம் வளராது, பிறகு ஆறுதலாக ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். சரி, அவ்வளவு பெரிய குளிர்பெட்டிக்கு எங்கே போவது? மீன் வைக்கிற இடத்தில் கேட்போம் என்றார் ஒருவர். நல்ல வேளை, கேட்கவில்லை.

கடை அண்ணைக்கும் கழகத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவருடைய பிள்ளைகள் படிப்பதும் வேறு பாடசாலையில். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என்னத்தில சுத்திக் கொண்டு வாறியள்?" என்று மட்டும் கேட்டார். ஒரு பெட்டியில் இருந்த ஐஸ்கிறீம் வாளிகளை இன்னொன்றுக்குள் நெருக்கி அடுக்கி, பொலித்தீனில் சுற்றிய எங்கள் கொப்பிகளுக்கு அதை முழுதாக விட்டுத் தந்தார். கரண்ட் இல்லாத நேரம் ஜெனரேற்றர் ஓடியது அவருடைய டீசலில். கொப்பி எடுக்கப் போகும்போதெல்லாம் தேத்தண்ணி வேறு. காசைப் பற்றிக் கதைத்தபோதுதான் மனிசனுக்குக் கோபம் வந்தது.

அவர் காப்பாற்றித் தந்தது என்னவென்று அவருக்கும் தெரிய வேண்டும். கழகத்தைத் தொடக்கிய மாஸ்டர் மூங்கில் வில்லோடு 18 மீற்றரில் பெடியளைப் பழக்கியவர். பிறகு வந்த ரீச்சர்தான் 70 மீற்றருக்குக் கொண்டுபோனார்: 122 சென்ரிமீற்றர் இலக்கு, 72 அம்பு, ஆகக் கூடினால் 720 புள்ளி. அவருடைய கொப்பியில் புள்ளியைவிடக் காற்றுத்தான் அதிகம். நாங்கள் வடக்குப் பார்த்து எய்கிறோம். சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, இடப்பக்கம் பின்னாலிருந்து வந்து அம்பை வலப்பக்கம் தள்ளும். எந்தப் பிள்ளை எவ்வளவு இடப்பக்கம் தள்ளிக் குறிவைக்க வேண்டும் என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறார். வாடைக்கு வேறு கணக்கு. இது எந்தக் கையேட்டிலும் கிடையாது. இப்போதைய கோச் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துத் தன் போனில் வைத்திருக்கிறார்.

நியூஸ்பிரிண்ட் தந்த அச்சகத்தார், பக்கங்களுக்கிடையே அதை மாற்றி மாற்றி வைத்த உயர்தரப் பிள்ளைகள், மின்விசிறி இரவல் தந்த அயல்வீட்டார், வெளிநாட்டிலிருந்து உதவிய பழைய மாணவர், எல்லோருக்கும் நன்றி. இனி ஒவ்வொரு தவணை முடிவிலும் கொப்பிகளை ஸ்கான் செய்து வேறு வேறு வீடுகளில் பிரதி வைப்போம். இது உறுதி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. குமிழ்முனைப் பேனை எழுத்து அப்படியே நிற்கிறது. ஊற்றுப்பேனையால் எழுதிய சில பக்கங்களில்தான் மை கரைந்துவிட்டது. மாஸ்டரின் முதல் அணியின் பெயர்கள் அதில் ஒரு பக்கம். அந்தக் காலத்துப் படமோ சான்றிதழோ யாரிடமாவது இருந்தால், சனிக்கிழமை பயிற்சி நேரத்தில் கொண்டுவந்து காட்டுங்கள்.