எந்த வாரிசுச் சான்று என்று எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய வங்கிக் கிளை மேலாளர்களுக்கும் அவர்களுடைய மேலதிகாரிகளுக்கும் வணக்கம்.

கணவர் இறந்தபின் அவர் கணக்கை முடிக்க வரும் பெண்ணிடம், "வாரிசுச் சான்று வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அவர் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கிறார். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து முடித்தபின், தாசில்தார் கொடுத்த சான்றோடு உங்களிடம் வருகிறார். "இது இல்லம்மா, கோர்ட்ல வாங்கணும்" என்கிறீர்கள். இரண்டும் வேறு என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே.

தாசில்தார் தருவது, இறந்தவரின் வாரிசுகள் யார் யார் என்கிற பட்டியல். யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதில் இருக்காது. உயில் எழுதாமல் இறந்தவருக்கு மனைவி, மகன், மகள், தாய் என நான்கு பேர் இருந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்ததில் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சமபங்கு. கிறிஸ்தவக் குடும்பமானால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, தாய்க்குப் பங்கில்லை. முஸ்லிம் குடும்பத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று.

நீதிமன்றம் 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி தருவது வாரிசுரிமைச் சான்றிதழ். இறந்தவருக்கு வரவேண்டிய பணத்தையும் பங்குப் பத்திரங்களையும் வசூலிக்க மட்டுமே அது. நிலத்துக்கும் வீட்டுக்கும் உதவாது. மனு போட்டு, மற்ற உறவினருக்கு நோட்டீஸ் அனுப்பி, தொகைக்கேற்ற கட்டணமும் கட்ட வேண்டும். மனுவில் ஒரு வைப்புத்தொகை விடுபட்டால் சான்றிதழில் அதற்கு இடமிருக்காது. சேர்க்கச் சொல்லி மறுபடி மனு. பாஸ்புக்கில் 'எம்.' என்றும் இறப்புச் சான்றில் 'மு.' என்றும் இருந்தால் அதற்குத் தனி அலைச்சல்.

இத்தனையும் நாமினி உள்ள கணக்குக்கும் கேட்கிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்படிக் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. நாமினி பணத்துக்குச் சொந்தக்காரர் அல்ல, வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்பவர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் நீதிமன்றத் தடை இல்லாதபோது அவரிடம் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. பங்குச் சண்டை வந்தால் அது அவர்களுக்குள். கணக்குத் தொடங்கும் நாளில் நாமினி கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வாங்குவதும், கிராமத்துக் கிளையிலும் கோரிக்கைப் படிவத்தை ஆங்கிலத்தில் மட்டும் நீட்டுவதும் உங்கள் ஊழியர்கள்தானே? அலைவது மட்டும் அந்தப் பெண்ணா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது ஒரு துண்டுச் சீட்டு. எந்தச் சான்று, தாலுகா அலுவலகத்திலா நீதிமன்றத்திலா, எந்தெந்தக் கணக்குக்கு, எவ்வளவு தொகைக்கு என்று தமிழில் எழுதி, கிளை முத்திரை வைத்து முதல் நாளே கொடுங்கள். நாமினி இருந்தால் அந்தச் சீட்டும் வேண்டாம். இறப்புச் சான்றையும் நாமினியின் அடையாள அட்டையையும் சரிபார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுவோர்